நூலகத் தந்தை ரங்கநாதன்

கல்வியின் பயன் பல நூல்களைக் கற்பது மாத்திரமன்று. தனக்கு வேண்டிய உண்மை எந்நூலில் உள்ளதென்று தேடியடைவதும், அடைந்த நூல் நம்பத்தக்கதோ என்று ஆராய்வதும் கல்வியின் பயனேயாம். இத்தேட்டத்தைப் பலர்க்கும் எளிதாக்குதற்குத் தம் வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் ஒருவர் நம் தமிழ்நாட்டிலே தோன்றினார். அவரே சீர்காழி இராமாமிருதம் ரங்கநாதன் ஆவர்.

இவர் 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தஞ்சை ஜில்லாவைச் சார்ந்திருந்த சீர்காழியிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். நம் கல்லூரி போன்றதொரு மிஷன் கலாசாலையாகிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, எட்வர்ட் ராஸ் என்னும் கணிதப் பேராசிரியரின் அன்புக்குரிய மாணாக்கராய் விளங்கி, எம். ஏ. பட்டம் பெற்றார். 1917 முதல் மங்களூரிலும், கோயம்புத்தூரிலும், பின்னர்ச் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். மாணவரோடு உரையாடிக் கற்பித்தலே அவர்க்கு உவப்பான தொழிலாயிருந்தது.

1924-ம் ஆண்டு ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராக அவர் நியமிக்கப்பெற்றார். நாடி வருவார் மிகச் சிலரேயாகிய அவ்விடத்துத் தனிமை சில நாட்களிலேயே அவர்க்குச் சலிப்பை விளைத்தது. மீண்டும் கணித ஆசிரியராகச் சென்றுவிட விரும்பினார். அதிகாரிகளோ, முதலில் லண்டன் சென்று நூலகப் பயிற்சி பெறுமாறும், அதன் பின்னும் இப்பணி பிடிக்கவில்லையெனிற் பழைய வேலைக்குத் திரும்பலாமென்றும் இசைந்தனர். அவரும் அரை மனத்தோடு கப்பலேறினார்.

லண்டன் யூனிவர்சிடி கல்லூரியிற் பெர்விக் சேயர்ஸ் என்னும் ஆசிரியரிடம் பயின்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களைக் கண்டார். பொது நூல்நிலையங்களில் எல்லாத் தரத்து மக்களும் வந்து படிக்கும் காட்சி அவர் மனத்தை மாற்றிற்று. ஆயினும் நூல்களைப் பகுக்கும் முறைகளில் அவர்க்கு நிறைவு உண்டாகவில்லை. ஒரு நாள் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். ஒரே துண்டுகளை வெவ்வேறாகப் பூட்டிப் பற்பல உருவங்கள் செய்வதைப் பார்த்ததும், நூற்பொருளையும் இவ்வாறே உறுப்புக்களாகப் பிரித்து வேண்டியவாறு இணைக்கலாமே என்னும் எண்ணம் அவர்க்குத் தோன்றியது.

உதாரணமாக, தஞ்சையில் ஒரு காலத்து நெற்பயிரைத் தாக்கிய நோயைத் தடுத்த விதத்தைக் கூறும் நூலொன்று உளதெனக் கொள்வோம். பயிர், நோய், தடுத்தல், இடம், காலம் என அதன் பொருள் ஐந்து கூறுபடும். கூறுகளுக்குக் குறியிட்டு இடையில் முக்காற்புள்ளி அமைத்தமையால் இம்முறை கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்று, 1933-ல் நூலாக வெளிவந்தது.

1925-ல் தாயகம் திரும்பியவர் பழைய வேலையை மீண்டும் நாடவில்லை. வாசகர் தாமே அலமாரியண்டை சென்று நூலைத் தெரிந்தெடுக்க வழி திறந்தார். கேட்பவர் தம் தேவையைத் தெளிவாகச் சொல்ல அறியாதவிடத்து, நூலகர் பொறுமையோடு உசாவித் துணைசெய்தல் வேண்டுமென்று வற்புறுத்தினார். 1928-ற் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1931-ல் வெளியான அவருடைய ஐந்து விதிகள் பற்றிய நூல், புத்தகம் பூட்டி வைத்தற்கன்று, பயன்படுத்தற்கே என்பதனை அடிப்படையாகக் கொண்டது. வாசகரின் காலத்தை மிச்சப்படுத்துக என்பதும் அவ்விதிகளுள் ஒன்று.

1945-ற் சென்னைப் பணியை விட்டுக் காசியிலும் டில்லியிலும் தொண்டாற்றினார். அவர் பன்னாள் உழைத்து வந்ததற்கேற்பச் சென்னை மாகாணத்திற் பொது நூலகச் சட்டம் 1948-ல் நிறைவேறிற்று. 1956-ல் நூலகக் கல்விக்கெனச் சென்னைச் சர்வகலாசாலைக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்கித் தம் மனைவியார் சாரதா பெயரையும் சேர்த்து ஒரு பேராசிரியர் பதவியை நிறுவச் செய்தார். 1962-ற் பெங்களூரில் ஆவணத்துறை ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராயினார். 1972-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி பெங்களூரிற் காலமானார்.

மாணவ நண்பர்களே! இன்று தரவுத்தளங்களும் தேடுபொறிகளும் கணப்பொழுதில் ஆயிரம் ஏடுகளை நம் முன் பரப்புகின்றன. முதலில் வந்து நிற்பதே மெய்யென்று கொள்வது பேதைமை; பொருத்தமான சொல்லைக் கண்டுபிடிப்பது பொறியின் தொழில், அதன் வாய்மைக்கு அது பிணை நில்லாது. ஆகவே, ரங்கநாதன் காட்டியவாறு வினாவை முதலிற் பொருள், இடம், காலம் எனக் கூறுபடுத்தித் தேடுக. கிடைத்ததை எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், எதனை ஆதாரமாகக் கொண்டார், அச்சிடுமுன் அறிஞர் ஆராய்ந்தனரோ என்று வினவுக. அதனைச் சாராத வேறொரு சான்றோடு ஒத்துப் பார்க்க. ஐயம் நேரின் நூலகரை அணுக நாணற்க. தேடுவதில் மிஞ்சிய காலம் சோம்பியிருத்தற்கன்று, ஆராய்தற்கே என்பதை உணர்வோமாயின் அப்பெரியாரின் உழைப்பு நம்மிடத்தும் பயன் தரும்.