குடுவையில் பிறந்த கவசம்: எதுவார் பெனெதிக்துஸ்

லா சப்பலில் ஒரு நகைக்கடையின் காட்சிக் கண்ணாடியில் எவரேனும் கல்லெறிந்தால், அது சிலந்திவலை போல் வெடிக்குமேயன்றிக் கீழே கொட்டாது. போர்க்கப்பலைச் செலுத்தும் கூடத்தில் துப்பாக்கி ரவைகளைத் தடுக்கும் தடித்த யன்னலும் இதே முறையின் வழிவந்ததே. இரண்டுக்கும் மூலவரான எதுவார் பெனெதிக்துஸ் இந்நகரிலேயே பிறந்து இந்நகரிலேயே மறைந்தவர் என்பதை நம்மவரில் பலர் அறியார்.

1878ஆம் ஆண்டு பிறந்த அவரை இரசாயனவியலாளர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர் ஓவியர், நூற்கட்டு அலங்காரக் கலைஞர், துணிகளுக்கும் கம்பளங்களுக்கும் கோலங்கள் வரைந்தவர், இசைமேதை மொரிஸ் ரவெலைச் சூழ்ந்திருந்த இளங்கலைஞர் வட்டத்தில் ஒருவர். பல்கலைக்கழகங்கள் இத்தகைய மனிதரை எந்தத் துறையில் அமர்த்துவதென்று தெரியாமல் திகைத்திருக்கும்.

1903ஆம் ஆண்டு அவரது ஆய்வுகூடத்தில் உயரத் தட்டிலிருந்த கண்ணாடிக் குடுவையொன்று தவறி வீழ்ந்ததாகக் கதை வழங்குகின்றது. குடுவை வெடித்தது, ஆனால் சிதறவில்லை. முன்னர் அதனுள் இருந்த செலுலோஸ் நைத்திரேற்றுக் கரைசல் உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உட்சுவரில் ஒட்டி, உடைந்த துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. பாரிஸ் வீதிகளில் மோட்டார் வாகனங்கள் பெருகிவந்த காலம் அது. விபத்துகளில் உடைந்த கண்ணாடி முகங்களைக் கிழித்த செய்திகளைப் பத்திரிகைகளில் வாசித்தபோது அக்குடுவை அவர் நினைவுக்கு வந்ததாம். இத்தகைய கதைகள் காலப்போக்கில் மெருகேறுவது வழமை. எனினும் 1909ஆம் ஆண்டு அவர் காப்புரிமை கோரியமை ஆவணமாக உள்ளது. இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே செலுலோயிட் படலமொன்றை வைத்து அழுத்தி ஒட்டுவதே அம்முறை. மூன்று அடுக்குகள் என்பதால் அதற்கு ‘திரிப்ளெக்ஸ்’ எனப் பெயரிட்டார்.

வாகன உற்பத்தியாளர்கள் விலையைக் கண்டு தயங்கினர். அதனைப் பரவலாக முதலில் ஏற்றது 1914இல் மூண்ட யுத்தமே. நச்சுவாயு முகமூடிகளின் கண்வட்டங்களில் திரிப்ளெக்ஸ் பொருத்தப்பட்டது. காயத்தைத் தடுக்கப் பிறந்த பொருள் களத்திலேயே முதலில் பெயர் பெற்றது. பெனெதிக்துஸோ யுத்தத்தின் பின் தம் வர்ணங்களுக்கே திரும்பினார். 1925ஆம் ஆண்டு பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் அவரது துணிக்கோலங்கள் இடம்பெற்றன. 1930ஆம் ஆண்டு சனவரியில் அவர் காலமானார்.

அவரது கண்டுபிடிப்பில் ஒரு குறை இருந்தது. வெயில் பட்டால் செலுலோயிட் மஞ்சளாகும். ஓரங்களில் ஈரம் புகுந்தால் அடுக்குகள் பிரியும். 1930களின் பிற்பகுதியில் பொலிவினைல் பியூற்றிரல் என்ற படலம் அதன் இடத்தைப் பிடித்தபோது வீதி வாகனங்களைப் பொறுத்தவரை அக்குறை பெரும்பாலும் தீர்ந்தது. கடலில் தீரவில்லை.

ரவையைத் தடுக்கும் யன்னலில் மூன்று அடுக்குகள் போதா. வெளிக் கண்ணாடி உடைந்து ரவையின் கூர்மையை மழுக்க வேண்டும். இடைப்படலங்கள் இழுபட்டு அதன் வேகத்தை விழுங்க வேண்டும். உட்புறப் பொலிகாபனேற்றுத் தகடு சில்லுகளை மறிக்க வேண்டும். ஐந்து சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு சதுர மீற்றர் கண்ணாடி ஏறத்தாழ 125 கிலோ நிறையுள்ளது. அந்நிறை கப்பலின் உச்சியில் அமர்வதால் அதன் சமநிலையையும் பாதிக்கும். (நமது கடலில் திறந்த வள்ளங்களில் தொழிலுக்குப் போனவர்களுக்கு எந்தக் கண்ணாடியும் வாய்த்ததில்லை என்பது வேறு கதை.)

அத்துடன் கண்ணாடியும் பொலிகாபனேற்றும் வெப்பத்தில் ஒரே அளவாக விரிவதில்லை. பகல் வெயிலில் விரிந்தும் இரவுக் குளிரில் சுருங்கியும் ஒட்டு தளரும். தளர்ந்த ஓரத்தால் உப்பீரம் ஊரும். யன்னல் பால்போல் மங்கும். ஒரு ரவையும் படாமலே அது பயனற்றுப் போகலாம். அதனூடே பார்த்தே கப்பலைச் செலுத்துவோருக்கு எதிரில் வருவது மீன்பிடி வள்ளமா தாக்குதற் படகா என்று தெரியாமற் போனால், அதனால் வரும் கேடு இரு பக்கத்தாருக்குமே.

ஆகவே இன்றைய ஆய்வாளர் தடிப்பைக் கூட்டுவதை விட்டு நீடிப்பைத் தேடுகின்றனர். அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடம் ஸ்பினெல் எனும் ஒளிபுகு பீங்கானை உருவாக்கியுள்ளது. மக்னீசியமும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த அது கண்ணாடியிலும் கடினமானது. உப்புக்காற்றும் மணலும் அதனை எளிதிற் கீறா. வெளித்தகடாக அதனை வைத்தால் யன்னலை மெல்லிதாக்கலாம். ஆயினும் தகட்டைத் தகட்டோடு பிணைக்க இன்றும் நடுவே ஒரு படலம் வேண்டும். அதன் ஓரங்களை ஈரம் புகாமல் அடைக்கவும் வேண்டும்.