கண்ணப்பரும் வேட்டையூனும்

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர்தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் மகவாய்த் தோன்றிய திண்ணனார்க்கு வேட்டை குலத்தொழில், ஊனே உணவு. புலால் மறுத்தலையே சைவமெனக் கொண்ட நாம் இவ்விடத்தை விரைந்து கடக்க விரும்புகின்றோம். 12-ஆம் நூற்றாண்டிற் பெரியபுராணஞ் செய்த சேக்கிழாரோ கடந்திலர். யானைக்கன்றைத் தொடராமை, சிறு குருளைகளைக் கொல்லாமை, கருவுற்ற பிணையை அலையாமை ஆகிய வேடரறத்தையும் அவர் எடுத்தோதினார். நம்மிற் பலர் அதனை நோக்குவதில்லை. பொன்முகலிக்கரையில் தீயிற் காய்ச்சிய பன்றியூனைத் திண்ணனார் வாயிலிட்டுச் சுவை பார்த்து, இனியனவே தேர்ந்து, தாம் உண்ணாது காளத்தியப்பர்க்குப் படைத்தார். மறுநாள் அதுகண்ட சிவகோசரியார் நடுங்கி, எலும்பும் ஊனும் அகற்றித் திருமுன்றிலைத் தூய்மைசெய்தார். அவ்வருவருப்பும் ஆகமவழிப்பட்ட அன்பேயாம். ஆறாம் நாள், குருதி பெருகிய திருக்கண்ணில் தங் கண்ணை இடந்தப்பிக் கண்ணப்பரானாரை மறைந்துநின்று கண்டவரும் அச் சிவகோசரியாரே.