ஜொகூர் பாருவில் டாக்டராக இருந்த சிவானந்தர்

ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தர் என்றதும் கங்கைக் கரையும் காவி உடையும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன் அவர் பத்தாண்டுகள் மலாயாவில் டாக்டர். கடைசி மூன்று ஆண்டுகள் ஜொகூர் பாருவில்.

1887-இல் பாய்க்குப் பெயர்போன பத்தமடையில் பிறந்த குப்புசாமி, 'அம்ப்ரோசியா' என்ற மருத்துவ இதழை நடத்திவிட்டு, 1913-இல் கப்பலேறினார். சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையில் ஏழு ஆண்டுகள் வேலை. ஏழை நோயாளிகளிடம் காசு வாங்காததோடு, கைச்செலவுக்கும் கொடுத்து அனுப்புவாராம்.

1920-இல் ஜொகூர் பாருவுக்கு மாறினார். நல்ல சம்பளம், நல்ல பெயர். ஆனால் மருந்தால் உடம்பு தேறியவனுக்கும் மனக்கவலை போகவில்லையே என்ற கேள்வி அவரை விடவில்லை. 1923-இல் அத்தனையையும் உதறிவிட்டு இந்தியா திரும்பினார். 1924-இல் ரிஷிகேஷில் துறவறம். அங்கும் ஸ்டெதாஸ்கோப்பை விடவில்லை. 1927-இல் லட்சுமண்ஜூலாவில் சாதுக்களுக்காக இலவச மருந்தகம் நடத்தினார். தெய்வ நெறிக் கழகம் 1936-இல் பிறந்தது.

மனப்பயிற்சியிலும் அவர் டாக்டராகவே இருந்தார் எனலாம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, முதலில் அரை மணி நேரம் மட்டும் ஜபமும் தியானமும். பிறகு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். தினமும் ஒரு குறிப்பேடு: எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை முறை கோபப்பட்டாய், எத்தனை பொய் சொன்னாய்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும் காய்ச்சல் அட்டை போலத்தான். மாதம் முடிந்ததும் சீடர்கள் அதை அவருக்கு அனுப்ப வேண்டும்.

1963 ஜூலை 14-இல் அவர் மறைந்தார். பத்துமலையில் அவர் பெயரில் ஆசிரமம் இருக்கிறது.