மாண்டிசோரி: ஊரார் பிள்ளைகளை வளர்த்தவர் தன் மகனை மறைத்தது ஏன்?

ஈசிஆரில் மாமல்லபுரம் போகிறவர்கள் முட்டுக்காடு படகுத்துறையைப் பார்க்காமல் போவதில்லை. அதே முட்டுக்காட்டில்தான் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. டவுன் சிண்ட்ரோம் போன்ற நிலையுள்ள குழந்தையைச் செங்கல்பட்டு, திருப்போரூர் பக்கமிருந்து தனியாளாகக் கூட்டிக்கொண்டு பஸ் மாறும் அம்மாக்களுக்கு இந்த வழி நன்றாகத் தெரியும்.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளிகளில் ஒரு மரச்சட்டத்தைப் பார்க்கலாம். சட்டத்தில் துணி, துணியில் பெரிய பட்டன்கள், எதிரே காஜா. குழந்தை அதில் பழகிவிட்டால் தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்ளும். இதைக் கொடுத்தவர் மரியா மாண்டிசோரி. இன்று தெருவுக்குத் தெரு பள்ளிப் பலகையில் இருக்கும் அதே பெயர்தான். ஆனால் அவர் முறையின் வேர் அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளிடம் இருக்கிறது என்பதும், அவர் திருமணம் ஆகாத ஒரு தாய் என்பதும் அட்மிஷன் வரிசையில் நிற்கும் பலருக்குத் தெரியாது.

1870-ல் இத்தாலியின் கியாரவல்லே ஊரில் பிறந்தவர். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டு மனநல மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். காப்பகங்களுக்குப் போவதும் வேலையில் சேர்த்தி. அங்கேதான் அந்தக் குழந்தைகளைப் பார்த்தார்.

டவுன் சிண்ட்ரோம், வலிப்பு, காது கேளாமை என்று இன்று தனித்தனியாகச் சொல்கிறோம். அன்று பல குழந்தைகளுக்கு ஒரே முத்திரைதான். பெரியவர்களோடு சேர்த்து அடைத்துவிடுவார்கள். லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் 1866-லேயே இந்த நிலையை விவரித்துவிட்டார். 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே காரணம் என்று தெரியவந்தது 1959-ல்தான்.

ஒரு காப்பகத்தில், சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். கவனித்துக்கொண்ட பெண்ணுக்கு அது வெறும் பேராசை. மாண்டிசோரிக்கு வேறொன்று உறைத்தது. தொட்டுப் பார்க்க, உருட்டி விளையாட அந்த அறையில் வேறு ஒரு பொருள்கூட இல்லையே! இவர்களுக்குத் தேவை மருந்தை விடக் கைக்கு வேலை என்று முடிவு செய்தார். இதார், செகென் என்ற பிரெஞ்சு மருத்துவர்களின் பழைய நூல்களைத் தேடிப் படித்தார். 1900-ல் ரோமில் தொடங்கிய சிறப்புப் பள்ளியின் இணை இயக்குநரானார். பகலெல்லாம் பாடம், இரவில் குறிப்பு. அந்தக் குழந்தைகளில் சிலர் மற்ற பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறியபோது ஊரே அதிசயம் என்றது. அவருக்கோ வேறு கவலை: அப்படியென்றால் சாதாரணப் பள்ளிகள் இத்தனை நாளாக என்னதான் செய்கின்றன? 1907-ல் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் திறந்த குழந்தைகள் இல்லம் இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

இதற்கிடையில், 1898 மார்ச் 31 அன்று அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் மரியோ. தந்தை, பின்னர் அதே பள்ளியின் இன்னொரு இயக்குநரான ஜுசெப்பே மொந்தெசானோ. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் பெண்ணின் வேலையும் பெயரும் சேர்ந்தே போகும். ஆணுக்கு அந்த ஆபத்து இல்லை. குழந்தை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தது. தாய் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார். மொந்தெசானோ வேறொருவரை மணந்தார். மாண்டிசோரி அந்தப் பள்ளியையே விட்டு விலகினார்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்போம். மரியோவும் வளர்ந்தார்தான், தாய் இல்லாமல். மாண்டிசோரியின் அம்மா 1912-ல் இறந்தபிறகே, 15 வயதில் அவரோடு வந்து சேர்ந்தார். அப்போதும் உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன் என்றுதான் அறிமுகம். உலகமே குழந்தை வளர்ப்புக்கு அவரிடம் யோசனை கேட்ட காலம் அது.

1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் இருவரும் சென்னை வந்தார்கள். அடையாறில் ஓலைக் கொட்டகைகளில் 300-க்கும் மேற்பட்டோர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் நிலைமை தலைகீழானது. எதிரி நாட்டுக்காரர் என்று மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது பிரிட்டிஷ் அரசு. மாண்டிசோரிக்கு அடையாறு வளாகமே எல்லை. ஆகஸ்ட் 31 அன்று அவருக்கு 70 வயது. பிறந்தநாள் பரிசாக மரியோவை விடுவித்தார் வைஸ்ராய். அந்தச் செய்தியில் அவர் மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார். 40 ஆண்டுகளாகத் தாயால் ஊரறியச் சொல்ல முடியாத சொல், கடைசியில் ஒரு அரசாங்கத் தகவலில் வந்தது!

போர் ஆண்டுகளில் கொடைக்கானலிலும் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். 1946-ல் ஐரோப்பா திரும்பி, மறுபடி வந்து, 1949-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார்கள். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் நோர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் மாண்டிசோரி இறந்தார். உயிலில் மரியோவைத் தன் மகன் என்றே எழுதியிருந்தார். தாயின் அமைப்பை 1982-ல் இறக்கும்வரை மரியோதான் நடத்தினார்.