நந்தன் கதையைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்

சங்கீத மும்மூர்த்திகளைப் பற்றி நம் இல்லங்களில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். தமிழில் பாட்டெழுதி, தானே பாடி, ஊர் ஊராகக் கேட்பவர்களை அழவைத்த கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. பாட்டு தெரியும், பாடியவர் பெயர் தெரியாது என்ற நிலை அவருக்கு வந்துவிட்டது. அவருடைய வாழ்க்கையையும், அவர் பாட்டு அவருக்குப் பின் பட்ட பாட்டையும் நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பங்காருபேட்டையில் வசிப்பவன் இதை எழுதக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் 1810-ம் ஆண்டுவாக்கில் பாரதியார் பிறந்தார். தகப்பனார் ராமஸ்வாமி பாரதி. பாட்டனார், முப்பாட்டனார் எல்லோருமே சங்கீதத்தில் தேர்ந்தவர்கள். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். மாயவரத்தில் கோவிந்த யதி என்ற துறவியிடம் வேதாந்தமும் யோகமும் கற்றார். திருவிடைமருதூரில் ராமதாஸ் என்பவரிடம் ஹிந்துஸ்தானி சங்கீதம் பயின்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாயவரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆனந்ததாண்டவபுரத்தில், ஆதரித்தவர்கள் வீட்டில் எளிமையாக இருந்துகொண்டு, தில்லை நடராஜனையே நினைத்துப் பாடினார். கோபாலகிருஷ்ணன், பாலகிருஷ்ணன் என்பவை அவருடைய முத்திரைகள்.

தியாகராஜ ஸ்வாமிகளை அவர் திருவையாற்றில் தரிசித்ததாகவும், அங்கே சிஷ்யர்கள் பாடிய ஆபோகி ராகக் கீர்த்தனையைக் கேட்ட உற்சாகத்தில் அதே ராகத்தில் 'சபாபதிக்கு' என்ற கீர்த்தனையைச் செய்ததாகவும் வித்வான்கள் வழிவழியாகச் சொல்வார்கள். இன்றும் ஆபோகி என்றால் அந்தத் தமிழ்க் கீர்த்தனைதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஆனாலும் அவர் பெயரை நிலைநிறுத்தியது நந்தனார் சரித்திரக் கீர்த்தனைதான். சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையைச் சுருக்கமாகவே பாடியிருக்கிறார். ஆதனூரில் பிறந்தவர், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர், திருப்புன்கூரில் நந்தி விலகத் தரிசனம் கண்டவர், தில்லையில் தீயில் மூழ்கி எழுந்து இறைவனோடு கலந்தவர். அவ்வளவுதான். அந்தக் கதையில் பண்ணையார் கிடையாது.

வேதியர் என்ற அந்தணப் பண்ணையாரை உள்ளே கொண்டுவந்தவர் பாரதியார். நந்தன் சிதம்பரம் போக அனுமதி கேட்கிறான். வேதியர் மறுக்கிறார், ஏசுகிறார். நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை ஒரே இரவில் முடித்தால் போகலாம் என்கிறார். சிவகணங்கள் வந்து முடித்துக் கொடுக்கின்றன. விடிந்ததும் வயலைப் பார்த்த வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

இதை அந்தக் காலத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கம்பெனி அரசு சொன்னது 1843-ல். சட்டம் சொன்னாலும் தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். அந்தப் பண்ணைகளில் பல அக்ரஹாரத்தாருடையவை. அக்ரஹாரத்துத் திண்ணையில் உட்கார்ந்து, அக்ரஹாரத்தார் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அவர்கள் முன்னாலேயே ஓர் அந்தணரைப் பண்ணையாள் காலில் விழவைத்துப் பாடினார் பாரதியார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

புலவர்கள் அவரை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மாயவரத்தில் இருந்த மஹாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் கேட்டுப் பலமுறை போனார். பெரியபுராணத்துக்கு மாறான கதை, இலக்கணப் பிழைகள் வேறு என்று பிள்ளையவர்கள் தள்ளிப்போட்டார். ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக்கொண்டிருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து பாட ஆரம்பித்தார். மாஞ்சி ராகத்து 'வருகலாமோ' கேட்டு மஹாவித்வான் உருகிப்போனார். பாயிரம் கிடைத்தது. காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த சிஸே துரையின் முயற்சியால் நூல் பாரதியார் இருக்கும்போதே அச்சேறியது.

இதையெல்லாம் நமக்குச் சொன்னவர் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர். பிள்ளையவர்களிடம் பாடம் கேட்க மாயவரம் வந்தபோது பாரதியாரிடம் சில காலம் சங்கீதமும் கற்றார். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். தமிழுக்கு லாபம், சங்கீதத்துக்கு நஷ்டம். ஆனால் பழைய குருவை மறக்காமல், பின்னாளில் பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். 1896-ல் பாரதியார் காலமானார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அதற்குப் பிறகு அவர் பாட்டு பல கைகளுக்குப் போயிற்று. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் கதாகாலட்சேபத்தில் அதைப் பெரும்புகழுக்குக் கொண்டுவந்தார். மகாகவி பாரதியார் நந்தன் சரித்திர மெட்டுகளை எடுத்துச் சுதேசிப் பாட்டுகள் எழுதினார். கலெக்டர் விஞ்ச் துரை ஆண்டையாகவும் வ.உ. சிதம்பரம் பிள்ளை அஞ்சாத நந்தனாகவும் அங்கே பேசுகிறார்கள். 1935-ல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்துப் பாடினார். ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்பது அன்று ஊரெல்லாம் பேச்சு. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மஹாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1942-ல் ஜெமினி வாசன் எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனார். அதில் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் புதுப் பாட்டுகள் எழுதினார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' என்று மாற்றி, ஏழைப் பையன் படிக்கப் போகும் கதையாக்கிக் காலட்சேபம் செய்தார். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அதைக் காணலாம். 1978-ல் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகத்தில், தீக்குளிப்பே நந்தனை அழிக்கச் செய்த சூழ்ச்சி என்று காட்டினார்.

இனி பங்காருபேட்டைக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து கோலார் தங்கவயலுக்கு 1894-லேயே ரயில் போட்டுவிட்டார்கள். வட ஆற்காட்டுப் பக்கத்து ஆதிதிராவிட மக்கள் பண்ணையை விட்டு ஆயிரக்கணக்கில் அந்த வழியாகத்தான் சுரங்க வேலைக்குப் போனார்கள். நந்தன் சிதம்பரம் போக அனுமதி கேட்டான். இவர்கள் கேட்காமலே ரயிலேறினார்கள். சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் 1916-ல் கல்வி நிறுவனம் கண்ட சுவாமி சகஜானந்தரின் பெற்றோரும் இந்தத் தங்கவயலில் பாடுபட்டவர்கள். அவரும் இளமையில் இங்கே இருந்தவர். வாசனின் படம் வந்தபோது சில காட்சிகளுக்கு ஆட்சேபம் எழுந்ததும் தங்கவயல் தொழிலாளர்களிடமிருந்துதான். வாசன் அதை மதித்துக் காட்சிகளை நீக்கினார். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் தினமும் எங்கள் ஸ்டேஷன் வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

தீயில் இறங்கினால்தான் உள்ளே வரலாம் என்பது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நாற்பது வேலி நிலத்தை அறுத்துக் கொடுத்தவனுக்கு மறுபடியும் ஒரு பரீட்சை எதற்கு? இந்தக் கேள்விக்குப் பாரதியாரின் பாட்டில் முழு விடை கிடையாது. அவர் தம் காலத்து பக்தர், சேக்கிழார் சொன்ன முடிவை மாற்றவில்லை. ஆனால் குற்றம் யார் பக்கம் என்பதை மறைக்கவும் இல்லை.

மறைத்தவர்கள் பிற்பாடு வந்த நாம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சபாக்களில் நந்தனின் ஏக்கப் பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். ராகம், நிரவல், கைதட்டல். வேதியர் ஏசும் பாட்டுகளும் அவர் காலில் விழும் இடமும் கழன்று போயின. கேட்கிறவர்களுக்கு நந்தனை யார் தடுத்தார்கள் என்றே தெரிவதில்லை. பாரதியாரை வெறும் பக்திப் பாடகராகச் சுருக்கிவிட்டால், அவர் நம்மைப் பார்த்துச் சொன்னது நம் காதில் விழாமலே போய்விடும்.

திருநாளைப்போவாரின் குருபூஜை புரட்டாசி ரோகிணியில் வருகிறது. நம் கிளைகளில் சங்கீதம் தெரிந்த மாமிகளும் இளைஞர்களும் நிறைய இருக்கிறார்கள். அன்றைக்கு நாலு பாட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், வேதியர் பகுதியையும் சேர்த்துக் கதை முழுவதையும் பாடச் சொல்லலாம். முடிந்தால் அக்கம்பக்கத்தில் உள்ள எல்லோரையும் அழைத்து, அவர்கள் இந்தக் கதையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்கலாம். நாற்பது வேலியும் விளைந்து கிடப்பதைப் பார்த்த வேதியருக்கு நந்தன் யார் என்று தெரிய ஒரு இரவு போதுமானதாக இருந்தது.