மலாயா கணபதி

1942ஆம் ஆண்டில் மலாயா யப்பானியர் வசமாயிற்று. நேச நாடுகள் இறப்பருக்குப் பெரும்பாலும் இலங்கையையே நம்ப நேர்ந்தது. ஆகவே இங்கு மரம் தாங்காத அளவுக்குப் பால் வெட்டினர். பலாங்கொடையிலும் நம் சப்பிரகமுவ மாகாணம் எங்கணும் வாழும் நாம் பால்வெட்டை அறிவோம். ஆயின், அக்காலத்தில் மலாயாவிற் பால் வெட்டிய நம்மவர் பட்ட பாட்டை நாம் அதிகம் அறியோம். அதை அறிய எஸ். ஏ. கணபதியின் வாழ்வே போதும்.

தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையிற் பிறந்த அவர் இளவயதிலேயே கடல் கடந்து சென்று, சிங்கப்பூரிற் கல்வி கற்றார்.

1941 டிசெம்பர் 8ஆந் திகதி கோத்தா பாருவில் இறங்கிய யப்பானியப் படை, எழுபதே நாளிற் சிங்கப்பூரைப் பிடித்தது. துரைமார் ஓடினர். தோட்டங்களில் வேலையுமில்லை, அரிசியுமில்லை. ஆசியரை மீட்க வந்ததாகச் சொன்ன யப்பானியர், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை போடத் தோட்டத் தமிழரை வாரிக்கொண்டு போயினர். முதலில் நல்ல சம்பளமென்று ஆசை காட்டினர். பின்னர் பலவந்தமாகவே பிடித்தனர். வாந்திபேதி, மலேரியா, பசி ஆகியவற்றால் அப்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறக்குறைய 90,000 பேர் என்பர்.

அந்த யப்பானியரின் ஆதரவிலேதான் இந்திய தேசிய இராணுவமும் இயங்கியது! 1943 யூலையில் நேதாஜி தலைமை ஏற்றதும் தோட்டத் தொழிலாளர் திரளாகச் சேர்ந்தனர். சயாமுக்குப் போகாமல் தப்ப அதுவும் ஒரு வழியாயிருந்தது. அதனால் அவர்தம் தேசபக்தியைக் குறைத்து எடைபோடலாகாது என்பது நம் கருத்து. கணபதி அப்படையிற் பயிற்சி ஆசிரியராக விளங்கினார். பிரட்டுக்களத்திற் கைகட்டி நின்றவன் அங்கே துப்பாக்கி ஏந்தி நிமிர்ந்து நின்றான். 1945இல் யப்பான் தோற்றுத் துரைமார் திரும்பி வந்தபோது, அவன் பழையபடி குனிய மறுத்தான்.

அந்த நிமிர்வுக்குச் சங்கம் என்னும் உருவம் கொடுத்தவர்களுள் கணபதி முன்னின்றார். கம்யூனிஸ்டுக் கட்சியிற் சேர்ந்து, தமிழரும் சீனரும் ஒருங்கே இருந்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 யூனில் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. அவசரகால நிலையும் பிரகடனமாயிற்று. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு என்று சட்டம் வந்தது.

1949 மார்ச் முதலாந் திகதி றவாங் அருகே, ஒரு கைத்துப்பாக்கியுடனும் ஆறு தோட்டாக்களுடனும் கணபதி பிடிபட்டார். இரண்டே வாரத்தில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையைக் குறைக்குமாறு இந்திய அரசாங்கம் கேட்டும் பிரித்தானியர் இணங்கவில்லை. மே 3ஆந் திகதி அவருடைய தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் கோலாலம்பூர் புடு சிறையிற் கணபதி தூக்கிலிடப்பட்டார்.