இரவில் ஒளியேற்றிய பொறியாளர்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

நீராவி எஞ்சின் ஓடிவரும் காட்சியை ஒரு முறை கண்டவர் மறப்பதில்லை. ஆனால் மறவாமல் இருப்பது வேறு. மறையாமல் காப்பது வேறு. அமெரிக்க நாட்டில் மறைந்துகொண்டிருந்த நீராவி ரயில்களைப் படமாக்கிக் காத்தவர்களுள் முதன்மையானவர் ஓ. வின்ஸ்டன் லிங்க்.

1914-ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அவர் பிறந்தார். தந்தையார் பள்ளியில் மரவேலை கற்பித்த ஆசிரியர். 1937-இல் லிங்க் கட்டடப் பொறியியலில் பட்டம் பெற்றார். ஆயினும் பிழைப்புக்கு அவர் கைக்கொண்டது காமிராவையே. விளம்பரப் படங்கள் எடுத்துப் பொருளீட்டினார்.

1955 ஜனவரியில் வேலை நிமித்தம் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் நகருக்குச் சென்றார். அருகிலே நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் பாதை. பிற பெரிய நிறுவனங்கள் டீசலுக்கு மாறிவிட, நிலக்கரிப் பகுதியில் ஓடிய இந்நிறுவனம் மட்டும் நீராவியை விடாதிருந்தது. அதுவும் நெடுநாள் நிலைக்காது என்பதை லிங்க் உணர்ந்தார். நிறுவனத்திடம் அனுமதி பெற்றார், ஊதியம் பெறவில்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டு ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் அங்கே சென்றார்.

புகழ்பெற்ற படங்களை அவர் இரவிலே எடுத்தது ஏன்? கதிரவனை நம் விருப்பப்படி நகர்த்த இயலாது, விளக்கை நகர்த்தலாம். இருளில் வெண்ணிற நீராவியும் பளிச்சிடும். ஃபிளாஷ் பல்புகளை ஆங்காங்கே நிறுத்தி, கம்பியால் இணைத்து, ஒரே கணத்தில் எரியச் செய்தார். பல்பினுள் மெல்லிய உலோக இழை ஆக்சிஜனில் எரிந்து ஒளிதரும்; ஒரு பல்பு ஒரு முறைதான் பயன்படும். பல மணி நேரப் பாட்டுக்கு ஒரே ஒரு படம்! கம்பி விலகிப்போனால் ரயில் காத்திருக்குமா?

எஞ்சின்களை மட்டுமா எடுத்தார்? எண்ணெயிடும் தொழிலாளியையும், சன்னலுக்கு வெளியே ரயில் செல்ல வீட்டினுள் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரையும் எடுத்தார். எஞ்சின்களின் ஓசையையும் ஒலிநாடாவில் பதிந்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். 1960-இல் அப்பாதையில் நீராவி ஓய்ந்தபோது ஏறத்தாழ 2,400 நெகட்டிவ்கள் சேர்ந்திருந்தன. அவை பரவலாகப் புகழ்பெற இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1987-இல் நூலாக வந்தன. 2001-இல் தம் 86-ஆம் வயதில் லிங்க் மறைந்தார். 2004-இல் ரோனோக் நகரின் பழைய ரயில் நிலையக் கட்டடத்திலேயே அவர் படங்களுக்கென அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அவர் வரலாற்றைப் படித்தபோது என் பாட்டனாரின் நினைவு வந்தது. கமலை கட்டி நீர் இறைத்தவர் அவர். மின்மோட்டார் வந்தது, கமலை போயிற்று. அவர் மாடுகளோடு நிற்கும் படம் ஒன்றேனும் எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அவர் செய்த தொழிலை என் பிள்ளைகளுக்கு எதைக் காட்டி விளக்குவேன்?

நண்பர்களே! லிங்க் சுமந்த பல்புகளும் கம்பிகளும் இன்று தேவையில்லை. நம் கையிலே கைபேசி இருக்கிறது. தறியோ, செக்கோ, சூளையோ, நம் ஊரில் கடைசியாக இயங்கிக்கொண்டிருப்பதையும் அதை இயக்கும் கைகளையும் இவ்விடுமுறையிலேயே படமெடுத்து வைப்போம்.